மதகு இல்லாத ஏரி

“மதகு எங்க அம்மணி?” என்று அப்பா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. எட்டு வருடமாக அந்த ஏரியில் நீந்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள்கூட எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதில்லை.

2019 ஜூன் மாதம். மியூனிக் நகரின் வடக்கு ஓரத்தில் இருக்கும் ஃபெல்ட்மோகிங் ஏரி. ஜெர்மனியில் அதுவரை பதிவான ஜூன்களிலேயே வெப்பம் மிகுந்த ஜூன் அது. இங்கே வீட்டுக்கூரையில் ஃபேன் மாட்டும் வழக்கம் கிடையாது. வெயில் ஏறினால் ஊரே துண்டை எடுத்துக்கொண்டு தண்ணீரைத் தேடிப் போய்விடும். அப்பாவுக்கு அப்போது 68 வயது. காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். மாடு கன்றை விட்டுவிட்டு வர முடியாது என்று அம்மா சொல்லிவிட்டதால் தனியாகவே விமானம் ஏறி எங்களோடு தங்க வந்திருந்தார்.

வந்த மூன்றாம் நாள் அவரை ஏரிக்கு அழைத்துப் போனோம். என் மகள் நேராகத் தண்ணீருக்கு ஓடினாள். அவரோ ஏரியை முழுதாக ஒரு சுற்று சுற்றி வந்தார். நிலம் வாங்கப் போகிறவர் எல்லைக்கல் பார்க்கிற நடை. ஒரு பக்கம் ஆடையில்லாமல் குளிப்பவர்களுக்கென்று நகராட்சியே ஒதுக்கிய இடம் உண்டு. அதை நான் முன்கூட்டிச் சொல்ல மறந்துவிட்டேன். அதைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. திரும்பி வந்து கேட்டதெல்லாம் மதகைப் பற்றித்தான்.

“மதகு கிடையாதுங்கப்பா.”

“கலங்கல்?”

“அதுவும் இல்லீங்க.”

“வாய்க்கால் ஒண்ணும் உள்ள வரலை. ஒண்ணும் வெளிய போகலை. கரையே இல்லை. தரை மட்டத்துக்குத் தண்ணி நிக்குது. இதை எப்படி ஏரிங்கறது?”

நியாயமான கேள்விதான். நம் ஊரில் ஏரி என்றால் முதலில் கரை. சரிவின் குறுக்கே மண்ணைக் கொட்டி உயர்த்தி, மழைத் தண்ணீரைத் தேக்கி, மதகு வழியாக வயலுக்கு விடுவது. மிச்சம் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். இங்கே அப்படி எதுவும் கிடையாது. வெறும் பள்ளம், அதில் தண்ணீர்.

ஜெர்மன்காரர்கள் இந்த மாதிரி ஏரியைப் ‘பாகர்ஸே’ என்பார்கள். ‘பாகர்’ என்றால் மண் அள்ளும் இயந்திரம், ‘ஸே’ என்றால் ஏரி. நம் மொழியில் பொக்லைன் ஏரி. “பொக்லைன் வெச்சுத் தோண்டுனதுங்கப்பா” என்றேன். உடனே அடுத்த கேள்வி வந்தது.

“தோண்டுன மண்ணு எங்க?”

கிணறு வெட்டுகிற ஊரில் வளர்ந்தவர்களுக்குத்தான் இது தோன்றும். எங்கள் பக்கம் ஒவ்வொரு கிணற்றுக்கும் அருகில் ஒரு மேடு இருக்கும். வெட்டி எடுத்த பாறையும் மண்ணும் அங்கேதான் கிடக்கும், அதன்மேல் வேலாமரம் முளைத்திருக்கும். அந்த மேட்டைப் பார்த்தே கிணற்றின் ஆழத்தைச் சொல்லிவிடுவார்கள். நாற்பது ஏக்கர் பள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு மேடுகூட இல்லை என்பது அவரை உண்மையிலேயே தொந்தரவு செய்தது. எனக்கும் அது தெரியாது. வீட்டுக்கு வந்து ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

மேடு இருக்கிறது. ஆனால் ஏரிக்குத் தெற்கே தள்ளி, ரயில் பாதைக்கு அடியில் இருக்கிறது. மியூனிக்கின் வடக்கே சரக்கு ரயில்களைப் பிரித்துக் கோக்கும் ஒரு பெரிய யார்டு கட்ட 1930-களின் கடைசியில் வேலை ஆரம்பித்தார்கள். அதன் மேட்டை நிரப்பச் சரளை வேண்டியிருந்தது. பக்கத்திலேயே தோண்டினார்கள். அப்படி வந்தவைதான் லெர்ஷெனாவ், ஃபசானெரி, ஃபெல்ட்மோகிங் என்று அடுத்தடுத்து இருக்கும் மூன்று ஏரிகள். அப்புறம் போர் வந்தது, வேலை நின்றது. யார்டு கடைசியில் திறக்கப்பட்டது 1991-இல். அரை நூற்றாண்டுக்கு யார்டு இல்லை, யார்டுக்காகத் தோண்டிய குழி மட்டும் இருந்தது. அதில் இரண்டு தலைமுறை நீச்சல் பழகிவிட்டது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு மியூனிக்கைச் சுற்றியிருக்கும் ஏரிகள் எல்லாமே எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தன. மேற்கே லாங்வீட் ஏரி, 1930-களில் ஸ்டுட்கார்ட் போகும் ஆட்டோபான் என்ற அதிவேகச் சாலைக்காகத் தோண்டியது. அதற்குப் பக்கத்திலேயே லுஸ் ஏரி, 1990-களில் நகரைச் சுற்றும் வட்டச் சாலையின் மேற்குப் பகுதிக்காக. கிழக்கே ஃபெரிங்கா ஏரி, அதே வட்டச் சாலைக்காக 1970-களின் நடுவில். லாங்வீட் ஏரியில் மல்லாந்து மிதந்தால் காதுக்குள் தண்ணீர் போகிற வரை லாரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் எரிச்சலாக இருக்கும். சாலை போடத்தான் இந்தப் பள்ளமே வந்தது என்று தெரிந்த பிறகு குறை சொல்ல வாய் வரவில்லை.

சரி, மண் போன இடம் தெரிந்தது. தண்ணீர்?

மியூனிக் உட்கார்ந்திருப்பது ஒரு சரளைக் குவியலின் மேல். பனியுகங்களில் ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகள் உருகி ஓடியபோது, மலையை அரைத்து எடுத்துவந்த கல்லை விசிறி மாதிரிப் பரப்பிவிட்டுப் போயின. ஏறக்குறைய 1,500 சதுர கிலோமீட்டர் பரப்பு. தெற்கே மலை அடிவாரத்தில் சரளையின் கனம் 100 மீட்டர் வரை போகும். வடக்கே வர வர மெலிந்து சில மீட்டர்தான் மிஞ்சும். அதற்கடியில் தண்ணீர் இறங்க முடியாத பழைய களிமண்ணும் இறுகிய நுண்மணலும். சரளைக் கற்களுக்கு இடையில் உள்ள சந்தெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீர் களிமண் தட்டின் மேல் மெதுவாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது.

தெற்கே சரளை கனமாக இருப்பதால் நீர்மட்டம் ஆழத்தில் இருக்கும். அங்கே எவ்வளவு தோண்டினாலும் காய்ந்த குழிதான். வேலை முடிந்ததும் மண்ணைப் போட்டு மூடி மறுபடி கோதுமை விதைத்துவிடுவார்கள். வடக்கே வரும்போது சரளை மெலிந்துவிடுகிறது, தண்ணீருக்கு உள்ளே இடம் போதவில்லை, மேலே ஏறி வருகிறது. டாஹாவ், எர்டிங் பக்கம் ஒரு காலத்தில் பெரிய சதுப்பு நிலங்கள் இருந்ததற்கும் அதுதான் காரணம். அங்கே இரண்டு ஆள் ஆழம் தோண்டினாலே காலடியில் தண்ணீர் ஊறும். 1972 ஒலிம்பிக் படகுப் போட்டிக்காக ஓபர்ஷ்லைஸ்ஹைமில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமான தடம் வெட்டியபோதுகூட அதை நிரப்ப எந்த ஆற்றையும் திருப்பத் தேவைப்படவில்லை. நிலத்தடி நீரே வந்து நிரம்பியது.

ஆக, இது ஏரியே இல்லை. கிணறு.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது இதைச் சொன்னேன். அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அதானே” என்றார். ரொம்ப நேரமாகத் தேடிய சாவி கிடைத்த மாதிரி முகம்.

எங்கள் தோட்டத்துக் கிணறு அறுபது அடி. பாறையில் வெட்டியது. இங்கே உள்ள சரளைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. பாறையில் தண்ணீர் வெடிப்பு வழியாகத்தான் வரும். எந்த வெடிப்பில் ஊற்று வரும் என்பது குலதெய்வத்துக்கு மட்டுமே தெரிந்த விஷயம். பக்கத்துத் தோட்டத்தில் பொங்கும், நம் தோட்டத்தில் சொட்டும். பிஏபி என்கிற பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்காலில் தண்ணீர் விட்டால் பத்து நாளில் மட்டம் ஏறும். அந்தக் கிணற்றில்தான் எனக்கு ஆறு வயதில் முதுகில் சுரைப்புருடையை, அதாவது காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி அப்பா நீச்சல் பழக்கினார். மேல்படியில் உட்கார்ந்துகொண்டு கயிற்றைப் பிடித்திருப்பார். ஒரு வாரத்தில் கயிறு போனது, இரண்டு வாரத்தில் புருடையும் போனது. அடுத்த கோடையில் மோட்டார் திட்டின் மேலிருந்து குதிக்கிற ஆளாகிவிட்டேன்.

மார்கழிக் காலையில் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், சித்திரையில் ஜில்லென்று இருக்கும். அது ஏதோ கிணற்றின் குணம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் தண்ணீர் மாறுவதே இல்லை. ஆழத்து நீர் அந்த ஊரின் வருடச் சராசரி வெப்பத்தை ஒட்டி அப்படியே நிற்கும், மாறுவது வெளியே இருக்கும் காற்றுதான். எங்கள் ஊரில் அந்தச் சராசரி குளிக்க வாகானது. மியூனிக்கில் அது 10 டிகிரி. அதனால்தான் இங்கே ஜூலையில்கூட மேலே ஒரு முழம் தண்ணீர் இளஞ்சூடாக இருக்கும், காலை நீட்டினால் கீழே ஐஸ் மாதிரி ஒரு அடுக்கு தட்டுப்படும்.

பன்னிரண்டு வயதுக்குப் பிறகு நான் கிணற்றில் இறங்கியதில்லை. யாரும் கூடாது என்று சொன்னதாகக்கூட நினைவில்லை. பெரியவளான பிறகு அது தானாகவே முடிந்துவிட்ட ஒன்று, அவ்வளவுதான். பையன்கள் தொடர்ந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் தெறிக்கும் சத்தம் வீடு வரைக்கும் கேட்கும். 2003, 2004 வாக்கில் கிணறும் வற்றிவிட்டது. சுற்றிலும் எண்ணூறு, ஆயிரம் அடிக்குப் போர்வெல் போட்டுவிட்டார்கள், அறுபது அடிக் கிணறு எப்படித் தாக்குப்பிடிக்கும்? நான் மறுபடி தண்ணீரில் இறங்கியது 29 வயதில், மியூனிக்கில், இதே ஏரியில். உடம்பு மறக்கவில்லை. ஆனால் அது கிணறு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இந்தக் கிணற்றில் யார் வேண்டுமானாலும் இறங்கலாம். டிக்கெட் இல்லை, வாசலில் ஆள் இல்லை. பவேரிய மாநிலத்தின் 1946 அரசியல் சாசனத்தில் 141-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. இயற்கையை அனுபவிப்பதும் திறந்தவெளியில் இளைப்பாறுவதும் எல்லோருக்கும் உரிமை, மலைக்கும் ஏரிக்கும் ஆற்றுக்கும் போகும் வழியை அரசும் ஊராட்சியும் திறந்து வைக்க வேண்டும் என்கிறது. காட்டில் பழம் பறித்துக்கொள்ளும் உரிமைகூட அதில் எழுதியிருக்கிறது. போரில் இடிந்துகிடந்த ஊரில் உட்கார்ந்து பழம் பறிப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார்களே என்று எனக்கு இன்னும் ஆச்சரியம். பிறகு 1965-இல் மியூனிக்கும் சுற்றியுள்ள மாவட்டங்களும் ஊராட்சிகளும் சேர்ந்து இதற்கென்றே ஒரு சங்கம் அமைத்தன. குழியைச் சுற்றியுள்ள நிலத்தை எடுத்து, செங்குத்தான ஓரத்தைச் சாய்த்து, புல் போட்டு, மரம் நட்டு, கழிப்பறை கட்டி மக்களிடம் விடுவதுதான் அதன் வேலை.

ஓரத்தைச் சாய்ப்பது என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். உண்மையில் இதில்தான் உயிர் இருக்கிறது. சரளை எடுத்துக்கொண்டிருக்கும் குழியில் கரை செங்குத்தாக இறங்கும். இரண்டடி வைத்தால் முழங்கால், மூன்றாவது அடியில் தலைக்கு மேல். ஈரச் சரளை சரிந்தால் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். அதனால் வேலை நடக்கும் குழிகளைச் சுற்றி வேலி போட்டு ‘உயிருக்கு ஆபத்து’ என்று பலகை வைத்திருப்பார்கள். அப்படியும் வேலி தாண்டுகிறவர்கள் உண்டு. திறந்துவிட்ட ஏரிகளிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2024-இல் ஜெர்மனியில் 411 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று உயிர்காப்புச் சங்கம் கணக்குச் சொன்னது. பெரும்பாலும் ஏரிகளிலும் ஆறுகளிலும்தான். என் மகள் கடற்குதிரை பேட்ஜ் வாங்கியபோது நான் ஊருக்கெல்லாம் படம் அனுப்பினேன். 25 மீட்டர் நீந்தி, தோள் ஆழத்தில் கிடக்கும் பொருளைக் கையால் எடுத்து வந்தால் அந்த பேட்ஜ். பயிற்சி கொடுத்தவர் கையோடு சொல்லி அனுப்பினார்: “இது நீச்சல் தெரியும் என்பதற்கான சான்று இல்லை, ஆரம்பித்திருக்கிறாள் என்பதற்கானது.” அடுத்த பேட்ஜுக்குப் பதினைந்து நிமிடம் விடாமல் நீந்த வேண்டும். அவளுடைய அப்புச்சி, அதாவது என் அப்பா, இங்கே இருந்திருந்தால் இரண்டு வாரத்தில் முடித்திருப்பார் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஜூன் மாதத்தில் தமிழ்ச் செய்திச் சேனலில் சென்னையைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஏரிகள் வறண்டு, குடங்கள் வரிசையில் நின்றன. மாங்காடு பக்கம் சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகளிலிருந்து தண்ணீரை இறைத்துச் சுத்திகரித்து நகருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2017-இலும் அதைச் செய்தார்கள். அப்பா சோபாவில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு, “அங்க குடிக்கறாங்க, இங்க குளிக்கறாங்க” என்றார். இது ஒப்பிடக்கூடிய விஷயம் இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன். அது கடும்பாறை, மழைத்தண்ணீர் தேங்குவது. இந்த நகரத்துக்குக் குடிதண்ணீர் 1883-இலிருந்தே மாங்ஃபால் பள்ளத்தாக்கிலிருந்து குழாயில் வருகிறது என்றெல்லாம். அவர் சொன்னது அது இல்லை என்று பாதியில் புரிந்து நிறுத்திக்கொண்டேன்.

கல்குட்டையில் குளிக்கப் போன பள்ளிக்கூடப் பையன்கள் மூழ்கினார்கள் என்ற செய்தி ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் நம் ஊர் நாளிதழ்களில் வருகிறது. மூன்று பேர், நான்கு பேர் என்று. ஒருவனைக் காப்பாற்ற மற்றவன் இறங்கியிருப்பான். அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் பையன்கள்மேல் வராது. தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகள் போகத்தான் செய்வார்கள். குழியை வெட்டி விற்றவர்களுக்கு வெட்டியதோடு கணக்கு முடிந்துவிடுகிறது, அதுதான் கோபம். பாறையைச் சாய்ப்பது சரளையைச் சாய்ப்பதுபோல எளிதில்லை என்பது தெரியும். ஒரு பக்கமாவது படி வெட்டலாம், ஒரு கயிறு கட்டலாம், கோடையில் ஒரு ஆளை உட்கார வைக்கலாம்.

இங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிட வேண்டாம். நிலத்தடி நீரின்மேல் இருந்த மண்ணையும் சரளையையும் எடுத்துவிட்டால், அதுவரை அழுக்கை வடிகட்டிக்கொண்டிருந்த மூடியைத் திறந்து வைத்த மாதிரிதான். சன்ஸ்கிரீனும் வாத்து எச்சமும் இலைச் சருகும் நேராக ஊற்றுக்குள் போகும். குழி புதிதாக இருக்கும்போது தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆல்ப்ஸின் சுண்ணாம்புக்கல்தானே சரளை. அந்தச் சுண்ணாம்பு, பாசிக்கு உணவாகும் பாஸ்பேட்டைக் கொஞ்சம் பிடித்து அடியில் இறக்கிவிடும். வருடம் போகப் போக அடியில் சேறு படியும், பாசி பெருகும். வாத்துக்கு ரொட்டி போடாதீர்கள் என்று பலகை வைப்பது அதனால்தான். வாத்தின் ஒட்டுண்ணி நத்தை வழியாக மனிதத் தோலுக்கு வந்து அரிப்பெடுக்க வைக்கும். ஒரு ஆகஸ்டில் நானும் மகளும் ஒரு வாரம் சொறிந்துகொண்டே திரிந்தோம்.

இன்னொன்று உண்டு. நிலத்துக்குள் தண்ணீர் சரிவாக நிற்கிறது, திறந்த ஏரியிலோ மட்டமாக நிற்கிறது. ஆகவே தண்ணீர் உள்ளே வரும் பக்கத்தில் சுற்றுவட்ட நீர்மட்டம் கொஞ்சம் இறங்கும், வெளியே போகும் பக்கத்தில் கொஞ்சம் ஏறும். மேல்பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கிணறு இறங்கிவிட்டது என்று கவலை, கீழ்பக்கத்துக்காரருக்கு நிலவறையில் ஈரம் என்று கவலை. போதாததற்கு வெளியே போகும் பக்கத்தில்தான் நுண்மண் சேர்ந்து சந்துகளை அடைக்கும்.

சரளை திரும்பி வரவும் வராது. மலையிலிருந்து கல்லை உருட்டிக்கொண்டு வந்த இஸார் ஆற்றின் குறுக்கே 1959-இல் சில்வென்ஸ்டைன் அணை கட்டியாகிவிட்டது. ஆற்றை ஏற்கெனவே நேராக்கிக் கரை கட்டியிருந்தார்கள். சரளைத் திட்டில் முட்டையிடும் உள்ளான் இனக் குருவிகளுக்கும், மணல் சுவரில் பொந்து தோண்டும் தகைவிலான்களுக்கும் ஆற்றில் இடம் இல்லாமல் போய், அவை லாரி ஓடும் குவாரிக்குள் குடிபோய்விட்டன. ஆற்றின் கல் இருக்கும் இடம் இப்போது அதுதான் என்று அவை எப்படிக் கண்டுபிடித்தனவோ.

அப்பா ஏரியில் இறங்கியது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. முதல் நாளிலிருந்தே ஒரு கேள்வி அவருக்குள் மிச்சம் இருந்தது என்று நினைக்கிறேன். என் கணவரின் அரைக்கால் டவுசரைப் போட்டுக்கொண்டு, அது பத்தாது என்று மேலே ஒரு ஈரிழைத் துண்டையும் கட்டிக்கொண்டு இறங்கினார். “ஆழம் போகாதீங்கப்பா, கீழ ரொம்ப ஜில்லுன்னு இருக்கும்” என்றேன். “நீ எனக்குச் சொல்லிக் குடு” என்றார்.

நடுவில் கொஞ்ச தூரம் நீந்தினார். அப்புறம் ஓரமாகவே போய் ஒரு இடத்தில் முங்கினார், எழுந்தார், பத்தடி தள்ளி மறுபடி முங்கினார். அங்கே படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். உயிர்காப்புக் குடிசையிலிருந்து ஒரு இளைஞன் எழுந்து நின்றான். நான் கையைக் காட்டி ஒன்றுமில்லை என்றேன். எனக்கே நிச்சயமில்லை.

இருபது நிமிடம் கழித்து உதடு நீலம் பாரித்து வெளியே வந்தார். பல் தந்தியடித்தது. மகள் துண்டைக் கொண்டுபோய்ப் போர்த்தினாள்.

“அந்தப் பக்கம் கண்ணு” என்று அவளிடம் கையை நீட்டிக் காட்டினார். “ஊத்து அந்தப் பக்கம். கால்ல பட்டுது. இந்தக் கோடியில ஒண்ணும் இல்லை.”

அவர் காட்டியது தெற்கு. நிலத்தடி நீர் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

சாயந்திரம் அம்மாவுக்கு வாட்ஸப்பில் கூப்பிட்டார். நான் சமையலறையில் இருந்தேன். மாடு, கன்று, பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணம் எல்லாம் பேசி முடித்துவிட்டு, குரலைக் கொஞ்சம் உயர்த்திச் சொன்னார்.

“இங்க ஒரு கெணறு பாத்தேன். நாப்பது ஏக்கரா.”

ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் சமையலறை வரைக்கும் கேட்டது.

“தண்ணி இருக்குதுங்களா?”